பொன்னாடை இல்லாத மாநாடு

எச்.ஐ.வி. தடுப்பு பற்றிய எங்கள் சமூக மாநாடு பிற்பகல் இரண்டு மணிக்குத்தான் தொடங்கும். முதல்முறை கேட்பவர்கள் முகம் சுளிப்பார்கள். காலை ஒன்பதுக்குத் தேவாரம், ஒன்பதரைக்குக் குத்துவிளக்கு, பத்துக்கு வரவேற்புரை என்று பழகியவர்கள் நாம். அந்த ஒன்பது மணி மாதச் சம்பளக்காரர்களுக்குத் தோதான நேரம். இரவெல்லாம் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் சந்துகளில் நின்றுவிட்டு விடியும்போது படுத்த ஒருத்திக்கு அது நடுச்சாமம். போதைமருந்துக்கு மாற்றாக மெத்தடோன் எடுப்பவர்களின் கணக்கு வேறு. அவர்களில் பலர் தினமும் காலையில் மருந்தகத்துக்குப் போய், மருந்து கொடுப்பவரின் கண்முன்னே குடித்துவிட்டு வரவேண்டும். அதை விட்டுவிட்டு மாநாட்டுக்கு வா என்றால் உடம்பு நடுங்க நடுங்க வந்து உட்கார்ந்து என்னத்தைக் கேட்பார்கள்?

மாநாடு என்பது பெரிய பெயர்தான். அறுபது நாற்காலி போட்டால் இடம் நிறைந்துவிடும். பாலியல் தொழில் செய்பவர்கள், திருநங்கைகள், ஊசியில் போதைமருந்து எடுத்தவர்கள், ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்கள், எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்கள், அவர்கள் வீட்டார் ஆகியோரில் தமிழ் பேசுகிறவர்களைக் கூட்டி ஒருநாள் பேசவைப்பது என் வேலை. ஒருமுறை பிரிக்பீல்ட்ஸ் என்றால் அடுத்தமுறை கிள்ளான். இரண்டும் ஒரே கொமுட்டர் ரயில் பாதையில் இருப்பது எங்கள் அதிர்ஷ்டம். போர்ட் கிள்ளானில் ஏறினால் பிரிக்பீல்ட்ஸை ஒட்டிய சென்ட்ரலில் இறங்கலாம். கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று பார்த்த பிறகுதான் நான் நிகழ்ச்சி நிரலையே எழுத உட்காருவேன்.

பெரிய மாநாடுகளையும் கோலாலம்பூர் பார்த்திருக்கிறது. 1999 அக்டோபரில் ஆசிய பசிபிக் வட்டாரத்தின் ஐந்தாவது எய்ட்ஸ் மாநாடு இங்கே நடந்தது. 2013 ஜூன் 30 முதல் ஜூலை 3 வரை அனைத்துலக எய்ட்ஸ் சங்கத்தின் ஏழாவது அறிவியல் மாநாடு நடந்தபோது, வைரஸைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற பிரான்சுவா பாரே சினூசியும் நம் மலாயாப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் அடிபா கமாருல்ஸமானும் அதற்கு இணைத் தலைவர்கள். உலகச் சுகாதார நிறுவனம் தன் புதிய சிகிச்சை வழிகாட்டியை வெளியிட்டதும் அங்கேதான். நோய் எதிர்ப்புக்கான சிடி4 அணுக்கள் 350-க்குக் கீழே போகும்வரை காத்திருக்க வேண்டாம், 500-க்கு இறங்கியதுமே மருந்தைத் தொடங்குங்கள் என்றது அது. இரண்டே ஆண்டில், 2015-இல், எண்ணிக்கையே பார்க்க வேண்டாம், தெரிந்தவுடன் மருந்து என்று ஆகிவிட்டது. பெரிய மண்டபத்தில் அறிவித்த அந்தச் செய்தி, காரில் பத்து நிமிடத்தில் போய்விடக்கூடிய சௌகிட் சந்துக்கு நடந்து வந்து சேர எவ்வளவு காலம் பிடித்தது என்பது களப்பணியாளர்களுக்குத் தெரியும். அந்த நடையைச் சுருக்குவதற்குத்தான் நாங்கள் சிறிய மாநாடு போடுகிறோம்.

யாரைக் கூப்பிடுவது என்பதும் காலத்துக்குக் காலம் மாறிவிட்டது. மலேசியாவில் முதல் எச்.ஐ.வி. தொற்று 1986-இல் தெரியவந்தது. அதே ஆண்டில்தான் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவின் முதல் தொற்றுகளைக் கண்டறிந்தார்கள். இங்கே அதற்கடுத்த இருபது ஆண்டும் ஊசியின் காலம். 2002-இல் மட்டும் 6,978 புதிய தொற்றுகள் பதிவாயின. அவற்றில் பெரும்பகுதி ஒரே ஊசியைப் பலர் பகிர்ந்ததால் வந்தவை. அரசாங்கம் 2005-இல் மெத்தடோன் திட்டத்தையும் அடுத்த ஆண்டு ஊசி மாற்றும் திட்டத்தையும் தொடங்கியபோது, போதைக்காரனுக்கு அரசாங்கமே ஊசி கொடுப்பதா என்று கோயில், பள்ளிவாசல், தேவாலயம் எல்லா இடத்திலும் முணுமுணுப்பு. கொடுத்தார்கள், ஊசி வழித் தொற்று படிப்படியாக விழுந்தது. இன்று ஆண்டுக்கு மூவாயிரத்தை ஒட்டிப் பதிவாகும் புதிய தொற்றுகளில் மிகப் பெரும்பாலானவை உடலுறவு வழியே வருபவை. முன்பு மெத்தடோன் அண்ணன்மார்கள் வரிசையாக உட்கார்ந்த எங்கள் நாற்காலிகளில் இப்போது திருநங்கைகளும் இளைஞர்களும் உட்காருகிறார்கள். அண்ணன்மார்களில் மிஞ்சியவர்கள் வயதாகி, இனிப்புநீருக்கும் இரத்த அழுத்தத்துக்கும் சேர்த்து மாத்திரை விழுங்குகிறார்கள்.

இடம் பிடிப்பதில் எனக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. கோயில் மண்டபம் வாடகை குறைவு, சாப்பாடும் நன்றாக இருக்கும். ஆனாலும் வேண்டாம். வாசலில் பூ விற்கும் அம்மாவுக்கு எல்லார் வீட்டையும் தெரியும். கிள்ளானில் தெங்கு கெலானா சாலையில், நகைக்கடைக்கும் துணிக்கடைக்கும் நடுவில், மாடியில் ஓர் அறை கிடைத்தால் எனக்குப் போதும். சேலை வாங்க வந்தவர்கள்போலக் கூட்டத்தோடு கூட்டமாக நுழைந்துவிடலாம். படிக்கட்டு இரண்டு இருக்கவேண்டும். ஒன்று பின்சந்தில் இறங்கவேண்டும். பிரிக்பீல்ட்ஸில் பார்வையற்றோருக்காக நடைபாதையில் மஞ்சள் கட்டைகள் பதித்திருப்பதால், கண் தெரியாத நண்பர்களும் கோல் தட்டிக்கொண்டே வந்துவிடுவார்கள். பார்வையற்றோருக்கு எச்.ஐ.வி. பற்றி யாரும் சொல்வதில்லை என்பதை அவர்கள்தான் எனக்குச் சொன்னார்கள். அவர்களுக்கு உறவு, ஆசை எதுவும் இருக்காது என்று நாமே முடிவுகட்டி வைத்திருக்கிறோம்.

வாசலில் பதாகை கட்டமாட்டேன். இதில் என்னோடு சண்டை போடும் இளைய நண்பர்கள் இருக்கிறார்கள். மறைத்து மறைத்துத்தானே இந்த நிலைமைக்கு வந்தோம் என்பார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் தைரியத்தை வாசலில் நுழைவுக்கட்டணமாகக் கேட்டால், தைரியசாலிகள் மட்டும்தான் வருவார்கள். அவர்களுக்கு என் மாநாடு தேவையில்லை.

அடுத்தது பொன்னாடை. மலேசியத் தமிழர் நிகழ்ச்சி எதுவாக இருந்தாலும் ஒரு வை.பி., அதாவது மக்கள் பிரதிநிதி, வரவேண்டும், அவர் ஒரு மணி நேரம் தாமதமாக வரவேண்டும், அவருக்கு மாலையும் பொன்னாடையும் போட்டுப் படம் எடுக்கவேண்டும், மானியம் அறிவிக்கிறாரா என்று எல்லாரும் காத்திருக்கவேண்டும். எங்கள் மாநாட்டில் மேடை இல்லை, மாலை இல்லை, படமும் இல்லை. அரசியல்வாதியோ சுகாதார அதிகாரியோ வந்தால் வட்டத்தில் ஒரு நாற்காலியில் உட்காரலாம். முதல் ஒரு மணி நேரம் பேசக்கூடாது. இதை முன்கூட்டியே கடிதத்தில் எழுதிவிடுவேன். கோபித்துக்கொண்டு வராதவர்களும் உண்டு. வந்து, பேசாமல் உட்கார்ந்து, போகும்போது தொலைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டுப் போனவர்களும் உண்டு. பின்னால் மருந்தகத்தில் ஒருவருக்குச் சிக்கல் என்று கூப்பிட்டால் எடுப்பவர்கள் அந்த இரண்டாவது வகையினர்தான்.

இந்த ஒழுங்கு என் கண்டுபிடிப்பு இல்லை. 1983-இல் அமெரிக்காவின் டென்வர் நகரத்து மாநாட்டில், எய்ட்ஸ் நோயாளிகள் சிலர் கடைசிநாள் மேடையேறித் தங்கள் கோரிக்கைகளை வாசித்தார்கள். எங்களைப் பலியானவர்கள் என்று சொல்லாதீர்கள், எங்களைப் பற்றி முடிவெடுக்கும் இடத்தில் எங்களையும் உட்காரவையுங்கள் என்று கேட்டார்கள். எய்ட்ஸ் மாநாடுகள் அன்றைக்கே மாறியிருக்க வேண்டும். 1994-இல் பாரிஸில் நாடுகள் கூடி அதை ஏற்றுக் கையெழுத்துப் போட்டன. போட்டதோடு சரி என்று பல இடத்தில் இன்னும் இருக்கிறது. பாதிக்கப்பட்டவர் என்று ஒருவரைக் கூட்டிவந்து அழவைத்து, கைதட்டி, தேநீருக்கு எழுந்துவிடுகிறார்கள்.

எங்களிடம் தன் கதையைச் சொல்ல வருகிறவரோடு ஒரு வாரம் முன்பே ஒரு மாமாக் கடையில் உட்கார்ந்து பேசிவிடுவேன். எதைக் கேட்கக்கூடாது என்று அவர் சொல்வதை எழுதிக்கொள்வேன். யாரால் வந்தது என்ற கேள்வியைப் பெரும்பாலும் எல்லாருமே தடுத்துவிடுவார்கள். அந்தக் கேள்வியைச் சபையில் யாராவது கேட்டால் பதில் சொல்லவேண்டியது நான், அவர் இல்லை. டாக்டருக்கு என்ன சன்மானமோ அதே தொகை அவருக்கும். பேசிவிட்டு உடனே போகவேண்டுமென்றால் பின்படிக்கட்டில் ஒருவர் காத்திருப்பார். கிராப் வண்டிக்குப் பணம் கட்டியிருக்கும்.

பதிவேடு ஒரு பெரிய தலைவலி. நிதி கொடுப்பவர்களுக்குக் கையெழுத்தும் ஐசி எண்ணும் வேண்டும். திருநங்கைகளின் ஐசியில் அப்பா அம்மா வைத்த ஆண்பெயர்தான் இருக்கும். வாசலில் உட்கார்ந்த தன்னார்வலர் பட்டியலைப் பார்த்து அந்தப் பெயரை உரக்கப் படித்துவிட்டால் போதும், அந்த நபர் திரும்பிப் போய்விடுவார். கூட வந்த நான்கு பேரும் போய்விடுவார்கள். எங்களிடம் நெஞ்சில் குத்தும் அட்டையில் அவரவர் விரும்பும் பெயர் இருக்கும். ஒருத்தி ‘சிம்ரன்’ என்று எழுதுவாள், ஒரு மெத்தடோன் அண்ணன் ‘தோட்டத்து ராஜா’ என்று எழுதுவார். கணக்குக்கான தாளில் ஒரு குறியீடு. குறியீட்டுக்கு உரிய விவரம் பூட்டிய இழுப்பறையில். இதைத் தணிக்கையாளரிடம் விளக்கி ஒப்புக்கொள்ள வைத்ததுதான் என் வாழ்நாளில் நான் ஆற்றிய மிக நீண்ட சொற்பொழிவு. போக்குவரத்துக் காசை வந்தவுடன் கையில் கொடுத்துவிடுவோம். கடைசியில் கொடுத்தால்தான் உட்காருவார்கள் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். காசுக்காக உட்கார்ந்திருப்பவரை வைத்துக்கொண்டு நான் என்ன பேசுவது?

பரிசோதனைக்கு ஒரு தனி அறை வைத்து, ‘எச்.ஐ.வி. பரிசோதனை’ என்று தாள் ஒட்டினால் யாரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள். உள்ளே போகிறவரை எல்லாரும் பார்ப்பார்கள் அல்லவா? 2019-ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வில், வயதுவந்த மலேசிய இந்தியர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பது தெரிந்தது. நாட்டில் எந்த இனத்துக்கும் இவ்வளவு இல்லை. அதனால் எங்கள் அறையில் முதலில் இனிப்புநீர், பிறகு இரத்த அழுத்தம், திரைக்குப் பின்னால் எச்.ஐ.வி. எல்லாரும் உள்ளே போவார்கள், நானும் போவேன். திரைக்குப் பின்னால் யார் கை நீட்டினார், யார் வேண்டாமென்று எழுந்து வந்தார் என்பது வெளியே தெரியாது. என் விரல் குத்தி இனிப்பு 11 என்று வந்தபோது, எனக்குப் புத்தி சொல்ல அன்றைக்கு மண்டபத்தில் ஆளுக்குப் பஞ்சமில்லை.

இத்தனை ஏற்பாடும் எதற்காக? கேள்விப் பெட்டிக்காக. மைலோ டப்பாவில் துளை போட்டதுதான் பெட்டி. ஆளுக்கு ஒரு சின்ன அட்டை, எல்லாருக்கும் ஒரே நிறப் பேனா. எழுதத் தெரியாதவர்கள் நம்பிக்கையானவரிடம் சொல்லி எழுதிப்போடுவார்கள். தமிழ் பேசத் தெரிந்தும் எழுதத் தெரியாதவர்கள் மலாயில் எழுதுவார்கள். கேள்வி இல்லாதவர்கள் ஒரு பூப்படமாவது வரைந்து போடவேண்டும். எல்லார் கையும் அசையும்போது யார் எழுதினார் என்று கண்டுபிடிக்க முடியாது. தேநீர் இடைவேளையில் நானும் இரண்டு பேரும் அட்டைகளைத் தரையில் பரப்பி வகை பிரிப்போம். டாக்டர் முன்கூட்டித் தயாரித்த உரை எதையும் எங்களிடம் வாசிப்பதில்லை. அவர் மாலை நாலரைக்கு வந்து, அட்டைகளுக்குப் பதில் மட்டும் சொல்வார்.

ஒரு கிள்ளான் மாநாட்டில், பூப்படங்களுக்கு நடுவே, ஒரே கருத்தில் வெவ்வேறு கையெழுத்தில் ஏழெட்டு அட்டைகள் வந்தன. ‘கலாவ் மாக்கான் பிரெப், ஹோர்மோன் ஜாடி கூராங் கெ?’ எச்.ஐ.வி. தொற்றாமல் இருக்க முன்கூட்டியே எடுக்கும் பிரெப் மாத்திரையைச் சாப்பிட்டால் ஹார்மோன் குறைந்துவிடுமா என்று கேட்டிருந்தார்கள். அறையிலிருந்த திருநங்கைகளில் பாதிப்பேர் இதையே கேட்டிருந்தார்கள் என்றால், அவர்கள் ஏன் மருந்தகத்தில் பிரெப் வாங்கிக்கொண்டு போய்ப் பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருந்தார்கள் என்பது விளங்கிவிட்டது. மார்பு வளர, தோல் மென்மையாகச் சேர்த்துச் சேர்த்து வாங்கிய மாத்திரையை இன்னொரு மாத்திரை அழித்துவிடும் என்ற பயம். தொற்று நாளை வருமோ வராதோ. கண்ணாடியில் தெரியும் முகம் இன்றைக்கே போய்விட்டால்?

அன்று வந்திருந்த பெண் டாக்டர் விவரமாகவே பதில் சொன்னார். பிரெப் ஹார்மோனின் வேலையைக் கெடுக்காது, இரண்டையும் சேர்த்துச் சாப்பிடலாம். ஆனால் ஆண்களுக்குச் சொல்லும் குறுக்குவழி, அதாவது உறவுக்கு முன் இரண்டு, அடுத்தநாள் ஒன்று, அதற்கடுத்தநாள் ஒன்று என்ற முறை, பெண்மை ஹார்மோன் எடுப்பவர்களுக்கு வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. நீங்கள் தினமும் ஒன்று சாப்பிடுங்கள். தொடங்கும் முன் எச்.ஐ.வி. இல்லை என்று உறுதிசெய்யுங்கள், சிறுநீரகத்தையும் ஹெப்படைட்டிஸ் பி-யையும் பாருங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை திரும்பி வாருங்கள். சொல்லிவிட்டு, “ஹார்மோன எங்க வாங்குறீங்க, எவ்வளவு எடுக்குறீங்க?” என்று அவர் கேட்டபோதுதான் உண்மையான மாநாடு தொடங்கியது. அளவுக்கு மேல் குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை விழுங்குகிறவர்கள், யாரோ விற்கும் ஊசியைத் தோழி கையால் போட்டுக்கொள்கிறவர்கள் என்று ஒவ்வொருவராக வாயைத் திறந்தார்கள். அந்த ஊசியைப் பகிர்ந்தாலும் தொற்று வரும் என்பதை அதற்குமுன் எந்தத் துண்டுப்பிரசுரத்திலும் நாங்கள் போட்டதில்லை. போதை ஊசி என்றால்தான் ஊசி என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

தமிழ்நாட்டில் இந்த வேலைக்கு ஒரு வசதி உண்டு. சித்திரையில் கூத்தாண்டவர் திருவிழாவுக்குத் திருநங்கைகள் தாங்களாகவே விழுப்புரத்துக்கும் கூவாகத்துக்கும் வந்து குவிவார்கள். எய்ட்ஸ் கட்டுப்பாட்டுக்காரர்கள் அங்கே போய்க் கூடாரம் போட்டால் போதும். நமக்கு அப்படி ஒரு திருவிழா இல்லை. பத்துமலையில் இலட்சக்கணக்கில் கூடுகிறோம், ஆனால் அங்கே இந்தப் பேச்சை எடுக்க முடியுமா? அதனால் மாநாட்டின் கடைசி ஒரு மணி நேரம் ஆட்டம் பாட்டம்தான். நிதிக்கான விண்ணப்பத்தில் அதற்கு ‘சமூக ஒன்றுகூடல்’ என்று பெயர். சிலர் அதற்காகவே வருகிறார்கள். வரட்டுமே.

வழக்கறிஞருக்கும் அரைமணி நேரம் உண்டு. அதில் தூங்குகிறவரை நான் பார்த்ததில்லை. ஷரியா சட்டம் முஸ்லிம் அல்லாதவர்களைத் தொடாது என்று நம் திருநங்கைகள் தைரியமாக இருப்பார்கள். ஆனால் 1955-ஆம் ஆண்டுச் சிறு குற்றச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு இருக்கிறது. ஒழுங்கற்ற நடத்தை என்று சொல்லி அதில் பிடிப்பார்கள். பையில் ஆணுறை இருந்தால் அதையே தொழிலுக்குச் சாட்சியாகக் காட்டுவார்களோ என்று பயந்து, நாங்கள் கொடுக்கும் ஆணுறையை வாசலிலேயே வைத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. சுகாதார அமைச்சு கொடுப்பதைக் காவல்நிலையத்துக்குப் பயந்து கீழே வைக்கவேண்டியிருக்கிறது. ஆணுறை வைத்திருப்பது குற்றமில்லை என்று வழக்கறிஞர் சொல்வார். “அத அந்த ராத்திரியில யாரு சார் கேப்பா?” என்பார்கள். இதற்கு எங்களிடம் நல்ல பதில் இன்னும் இல்லை. எண்ணிக்கையைக் குறைத்து, உதட்டுச் சாயப் பைக்குள் போகும் அளவில் மூன்று மூன்றாகக் கொடுக்கிறோம்.

அம்மாக்களின் வட்டம் தனி. மகனுக்கு எச்.ஐ.வி. இருக்கிறது என்று தெரிந்ததிலிருந்து அவன் தட்டு, டம்ளர், சோப்பு எல்லாவற்றையும் பிரித்துவைத்த தாய்மார்கள். அவர்களிடம் ஆராய்ச்சியைச் சொல்லத் தயங்கவேண்டியதில்லை என்று கண்டேன். 2018-இல் ஆம்ஸ்டர்டாம் மாநாட்டில் வெளியான ஆய்வில், ஒருவருக்கு எச்.ஐ.வி. இருந்து மற்றவருக்கு இல்லாத ஆண் இணைகளைப் பல வருடம் கவனித்தார்கள். மருந்தால் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்திருந்தவரிடமிருந்து, ஆணுறை இல்லாத 76,000-க்கும் அதிகமான உறவுகளில், துணைக்கு ஒரு தொற்றுகூடப் பரவவில்லை. அதே 2018-இல் தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றுவதை ஒழித்த நாடு என்று, மேற்குப் பசிபிக் வட்டாரத்தில் முதலாவதாக, மலேசியாவுக்குச் சான்று கிடைத்தது. இதைக் கேட்டுவிட்டு ஓர் அம்மா, “அப்ப அவனுக்குத் தட்டு வேற வெச்சது?” என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். பக்கத்தில் இருந்த அம்மா, “நானுந்தான் வெச்சேன், விடுங்க,” என்றார்.

எங்கள் மாநாட்டுக்கு வராத ஒரு கூட்டம் இருக்கிறது. ஷா ஆலாமில் தொழிற்சாலை வேலை, சைபர்ஜெயாவில் கணினி வேலை என்று இருக்கும் இருபது, முப்பது வயது ஆண்கள். இன்றைய தொற்றுகளில் அதிகம் இவர்கள் வயதில்தான். செயலியில் சந்திக்கிறார்கள், சந்தில் நிற்பதில்லை. இரண்டு படிக்கட்டு இருந்தாலும் இவர்கள் ஏறமாட்டார்கள். இவர்களுக்காக இரவு பத்து மணிக்கு இணையத்தில் கூடுகிறோம். முகம் காட்டவேண்டாம், பெயர் வேண்டாம். கேள்விப் பெட்டி மட்டும் அப்படியே இருக்கிறது. மைலோ டப்பாவுக்குப் பதில் ஓர் இணைப்பு. 2023-லிருந்து சில அரசு மருந்தகங்களில் பிரெப் இலவசமாகக் கொடுக்கிறார்கள் என்று சொன்னதும் வரும் கேள்வி பக்கவிளைவைப் பற்றியதாக இருப்பதில்லை. ‘வீட்டுக்கு போன் பண்ணுவாங்களா?’, ‘அங்க வேலை செய்யற மிஸி எங்க பக்கத்து வீடு, வேற ஊருக்குப் போலாமா?’ என்றுதான் வருகிறது. கிள்ளான் பையன் கோலாலம்பூர் மருந்தகத்தைக் கேட்கிறான், பிரிக்பீல்ட்ஸ் பையன் கிள்ளானைக் கேட்கிறான். அடுத்த வாரத்துக்கு அந்த கொமுட்டர் ரயில் நேரத்தையும், எந்த மருந்தகத்தில் எந்த நாள் பிரெப் என்பதையும் ஒரே தாளில் போட்டு அனுப்பவேண்டும். சனிக்கிழமை திறந்திருப்பவை எவை என்று இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.